அடிக்கல் நாட்ட வரப்போகும் அமைச்சருக்கு



உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. கட்சியும் தெரியாது. நீலம் வந்து போனது, பச்சை வந்து போனது, மொட்டு வந்து போனது, இப்போது திசைகாட்டி, அடுத்தது எதுவோ. நீங்கள் வருவீர்கள் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. ஏ9 வீதியால் ஓமந்தை கழிந்து வந்து, புளியங்குளம் சந்தியில் நெடுங்கேணிப் பக்கம் வலதுகைக்குத் திரும்புவீர்கள். முன்னுக்கு ஒரு பொலிஸ் ஜீப், பின்னுக்கு ஏழெட்டு வாகனம். இது தேர்தல் கிட்ட இருந்தால். இல்லாவிட்டால் மேலதிகச் செயலாளர் ஒருவரை அனுப்பிவிட்டு நீங்கள் கொழும்பிலேயே நின்றுவிடுவீர்கள்.

வருவது வீடில்லாத குடும்பங்களுக்கு அடிக்கல் நாட்ட. அதற்கு முன் வாசிக்க உதவும் என்று சில குறிப்புகள் எழுதி வைக்கிறேன். இதைச் சொல்ல உங்கள் அமைச்சிலேயே ஆட்கள் இருப்பார்கள்தான். ஆனால் அங்கே ஆட்சி மாறக் கோப்பும் மாறிவிடுகிறது. இங்கே கொட்டில் மாறுவதில்லை. அதனால் எங்களுக்கு ஞாபகம் கொஞ்சம் கூட.

முதலில் பந்தல். நீங்கள் இரண்டு மணித்தியாலம் இருப்பதற்கு வவுனியாவிலிருந்து வாடகைக்குக் கொட்டகை வரும். இரும்புக் குழாய், மழை ஒழுகாத கூரை, வெள்ளைத் துணி சுற்றிய கதிரைகள், ஆள் உயரத்தில் இரண்டு காற்றாடி. பத்து யார் தள்ளிப் பின்னால் உங்கள் பயனாளியின் கொட்டில் நிற்கும். மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் தறப்பாள், கச்சான் காற்றுக்குத் தூக்காமல் மேலே பழைய ரயரும் கல்லும். இரண்டும் ஒரே படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி உங்கள் படப்பிடிப்பாளருக்குச் சொல்லிவையுங்கள். பந்தலைப் பின்னேரமே கழற்றி லொறியில் ஏற்றிவிடுவார்கள். தற்காலிகம் என்றால் என்ன என்று இந்த விழாவில் சரியாக விளங்கியவர் பந்தல்காரர் ஒருவர்தான்.

வெற்றிலைத் தட்டத்தோடு ஒரு பிள்ளையை நிறுத்தியிருப்பார்கள். தலையில் தட்டுங்கள், பெயர் கேளுங்கள், எத்தனையாம் வகுப்பு என்று கேளுங்கள். வயதை மட்டும் கேட்கவேண்டாம். மீள்குடியேறி வந்த 2010 இல் தகரத்துக்குள் பிறந்த பிள்ளை இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற வயதில் நிற்கிறது. பத்து வயது என்று சொன்னாலோ இன்னும் கரைச்சல்: யுத்தம் முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை எப்படி யுத்தத்தால் வீடிழந்த குடும்பத்தின் பிள்ளையாக நிற்கிறது என்று பக்கத்தில் நிற்கும் பத்திரிகைக்காரர் யாரும் யோசித்துவிடக்கூடாது.

அடுத்தது உரை. ஆண்டுக் கணக்குச் சொல்லாதீர்கள், மாதக் கணக்குச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 2009 இல் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் வைத்திருந்த சனத்தை 180 நாளில் ஊருக்கு அனுப்புவோம் என்றது அன்றைய அரசாங்கம். கடைசிக் குடும்பங்கள் வெளியே வந்தது 2012 செப்டெம்பர் 24 ஆம் திகதி. கிட்டத்தட்ட ஏழு 180 நாள். ஆட்சி மாறியது. 2015 மார்கழியில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கோணப்புலம் முகாமுக்குப் போனார். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்கள் இருபத்தைந்து வருடமாக இருந்த முகாம்களில் அதுவும் ஒன்று. முகாம்களை மூடி எல்லோரையும் சொந்த இடத்தில் இருத்த ஆறு மாதம் என்றார். ஆறு மாதமும் 180 நாளும் ஒன்றுதான் என்பதைக் கவனிக்கவும். ஆள் மாறினாலும் அளவுகோல் மாறவில்லை. வவுனியாவிலேயே சிதம்பரபுரம் முகாம் இருந்தது. இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர்களை ஊருக்கு அனுப்பும்வரை என்று 1990களின் தொடக்கத்தில் அங்கே இறக்கினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே கலியாணம் கட்டி, அவர்களுக்கும் பிள்ளை பிறந்தது. அந்த முகாமுக்கு யாரும் நாள் சொல்லவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இடம் பற்றியும் ஓரிரண்டு வார்த்தை தெரிந்திருப்பது நல்லது. உரையில் 'இந்த வரலாற்றுப் பூமியில்' என்று ஒரு வரி எழுதித் தந்திருப்பார்கள். 1997 மே மாதம் தொடங்கிய இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை மாதக்கணக்காக முட்டிநின்ற இடங்களில் ஒன்று புளியங்குளம். சந்தியில் கூரையோடு மிஞ்சிய கட்டடம் அருமை. சமாதான காலத்தில் இங்கேதான் புலிகளின் வாசல். பேருந்தை விட்டு இறங்கி, பையைத் திறந்து காட்டி, பதிந்து, வரி கட்டித்தான் உள்ளே போகவேண்டும். ஓமந்தையில் ஆமியின் வாசல். அங்கேயும் இறங்கி, திறந்து காட்டி, பதியவேண்டும். 2008 இல் எல்லோரையும் போல இந்தச் சனமும் கிழக்குப் பக்கம் ஓடியது. திரும்பி வந்தபோது மறுபடி பதிவு. உலகத்தில் எங்கள் அளவுக்குப் பதிவு செய்யப்பட்ட சனம் இருக்குமோ தெரியாது. எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், எந்தத் தகரத்துக்குக் கீழே என்று எல்லாம் உங்களிடம் உண்டு. 'தகவல் திரட்டுகிறோம்' என்று மட்டும் மேடையில் சொல்லிவிடாதீர்கள், ஐயா. சனம் சிரித்துவிடும்.

மெனிக் பாமைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. செட்டிகுளத்தில் காட்டை வெட்டிக் கூடாரம் அடித்து, அதை நலன்புரிக் கிராமம் என்றார்கள். வலயம் வலயமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பெரியவரின் பெயர்: கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி. கௌரவம்தான். சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு அவருடைய காலத்தில் கிடைக்காத மரியாதை அது: அவர் பெயரால் ஒரு மலசலகூட வரிசை, அவர் பெயரால் ஒரு தண்ணீர்ப் பவுசர். பக்கத்து முட்கம்பிக்குள் தம்பி அருணாசலம், அதற்கடுத்ததில் மாமன் மகன் குமாரசுவாமி. குடும்பங்களைப் பிரிக்காமல் தங்கவைக்கும் கொள்கையை அரசாங்கம் அந்த ஒரு குடும்பத்தில்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தது. மற்றவர்கள் தாய் ஒரு வலயத்திலும் பிள்ளை இன்னொரு வலயத்திலுமாகக் கம்பிக்கு இருபுறமும் நின்று கதைத்தார்கள். 2009 மே 23 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் பான் கீ மூன் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆவணியில் பெய்த ஒரு மழைக்கே மலக்குழிகள் நிரம்பிக் கூடாரங்களுக்குள் வந்தன. மாரி இன்னும் தொடங்கவே இல்லை. ஐந்து பேருக்கென்று தைத்த கூடாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், அதில் அரைவாசி பிள்ளைகள்.

அந்த முகாமை மூடிய விதமும் எழுதி வைக்கவேண்டியது. கடைசியாக வெளியே எடுத்தது கேப்பாபிலவுச் சனத்தை. முகாமில் இருந்து பஸ்ஸில் ஏற்றினார்கள், ஊர்ப் பக்கம் கொண்டுபோனார்கள், ஊரில் இறக்கவில்லை. ஊரில் முல்லைத்தீவுப் பாதுகாப்புப் படைத் தலைமையகம் இருந்தது. அது சீமெந்துக் கட்டடம். சனத்தைச் சீனியாமோட்டையில், வெட்டிய காட்டுக்குள் இறக்கினார்கள். அது தகரம். இலங்கையில் அகதி முகாமே இல்லை என்று உலகத்துக்குச் சொல்லியாயிற்று. அதே 2012 இல் நந்திக்கடல் ஓரத்தில் இராணுவம் ஓர் உல்லாச விடுதியையும் திறந்தது. ஏரியைப் பார்த்தபடி அறைகள். மூன்று வருடத்துக்கு முன் அதே ஏரிக்கரையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கியவர்கள் அப்போதும் தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தார்கள். வன்னியில் நிரந்தரக் கட்டடம் கட்ட மண் சரியில்லை, மணல் இல்லை, கல் இல்லை, ஒப்பந்தக்காரர் இல்லை என்று அந்தக் காலத்தில் எத்தனை அதிகாரிகள் எத்தனை கூட்டங்களில் சொன்னார்கள். விடுதிக்கு எல்லாம் இருந்தது.

ஏ9 வீதிக்கும் இருந்தது. தண்டவாளத்துக்கும் இருந்தது. 2013 செப்டெம்பரில் ஓமந்தையிலிருந்து கிளிநொச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது புளியங்குளத்துக்கும் புத்தம்புதிதாக ஒரு புகையிரத நிலையம் கிடைத்தது. நல்ல கட்டடம், கூரை, சீமெந்துத் தளம், கதவு, யன்னல், மலசலகூடம். ஒரு குடும்பத்துக்குத் தேவையான எல்லாம். ஒரு நாளைக்குச் சில ரயில்கள் நின்று போகும். ரயில் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்த நாட்டுக்குக் கட்டத் தெரியாது என்று இனி யாரும் எங்களிடம் சொல்லவேண்டாம்.

சரி, ஊருக்கு வந்த சனத்துக்கு என்ன கொடுத்தீர்கள்? குடும்பத்துக்கு 25,000 ரூபா. அதுவும் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர்ஸ்தானிகராலயத்தின் காசு. சில தகரம், ஒரு தறப்பாள், மண்வெட்டி, கத்தி, ஆறு மாத உலர் உணவு. இதை வைத்துக்கொண்டு மிதிவெடி அகற்றிய பலகைக்கு இந்தப் பக்கமாக ஒரு கொட்டில் போடவேண்டும். போட்டார்கள். வன்னிச் சனத்துக்குக் கொட்டில் போடச் சொல்லித்தரத் தேவையில்லை. காட்டுத்தடி, கிடுகு, மண்சுவர் என்று பழைய முறையில் போட்டால் உள்ளே குளிர்ந்திருக்கும். ஆனால் நிவாரணம் தகரமாக வந்தது. ஆடி ஆவணியில் பகல் பதினொரு மணிக்குப் பிறகு தகரத்துக்குக் கீழே ஆள் இருக்க ஏலாது. கைக்குழந்தையை மரத்துக்குக் கீழே ஏணையில் போடுவார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை பல வருடம் ஆவணியில்தான் வந்தது. அந்தப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு நிழல் போகிற பக்கம் எல்லாம் போகும். மாரியில் மறுபக்கம். மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் தாய் கூப்பிடுவது கேட்காது, நிலம் ஈரம், பாம்பு மேட்டைத் தேடி வரும், மேடு என்றால் பாய்தான். சைவமோ வேதமோ, எல்லாப் பிள்ளைக்கும் இரவு ஒரே பிரார்த்தனை. கொழும்புப் பிள்ளையும் கிளிநொச்சிப் பிள்ளையும் ஒரே வினாத்தாள் எழுதுவதால் கல்வியில் சமத்துவம் இருக்கிறது என்று உங்கள் சக அமைச்சர் ஒருவர் சொல்லக்கூடும். வினாத்தாள் ஒன்றுதான்.

பிறகு புள்ளித் திட்டம் வந்தது. இந்தியா 2010 இல் 50,000 வீடு தருவதாக அறிவித்தது. 2012 ஒக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் வீதம் உரிமையாளரே கட்டும் திட்டம் தொடங்கியது. வன்னியில் இன்று தலைநிமிர்ந்து நிற்கிற கல்வீடுகளில் பல அப்படி வந்தவை. நன்றி சொல்லாமல் போகமுடியாது. ஆனால் வீடு கிடைக்கப் புள்ளி வேண்டும். புள்ளிக்குக் குடும்பத்தில் தலை எண்ணிக்கை வேண்டும். யுத்தத்தில் தலை குறைந்த குடும்பத்துக்குப் புள்ளியும் குறைந்தது. கணவனும் மூன்று பிள்ளைகளும் செத்து, ஒரு பிள்ளையோடு மிஞ்சிய தாய் வரிசையில் கீழே போனாள். செத்தவர்களுக்குப் புள்ளி போட அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

புள்ளியைத் தாண்டினால் காணிப் பத்திரம். புளியங்குளத்தைச் சுற்றி, நெடுங்கேணிப் பக்கம், கனகராயன்குளப் பக்கம் எல்லாம் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். 1948 இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1977 இல் அடித்தார்கள். உயிர் தப்பி வன்னிக்கு வந்தவர்களைக் கட்டடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் வவுனியாப் பண்ணைகளில் இருத்தியது. காட்டை வெட்டி, கிணறு கிண்டி, பள்ளிக்கூடம் வைத்தார்கள். அரசாங்கம் இருவரையும் 1983 இல் பிடித்தது. அந்த வருடம் ஆடியில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984 இல் டொலர் பாம், கென்ட் பாம் என்ற இரண்டு பண்ணைகளிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களைத் துரத்திவிட்டுத் தெற்கிலிருந்து சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து இருத்தினார்கள். வீடில்லாதவனைத் துரத்தி இன்னொரு வீடில்லாதவனை இருத்துகிற திட்டம். அந்த வருடம் கார்த்திகை 30 இல் புலிகள் அங்கே புகுந்து பெண்கள், பிள்ளைகள் என்றும் பாராமல் கொன்றார்கள். அந்தக் குழந்தைகளும் யாரோ ஓர் அதிகாரி வரைபடத்தில் குறித்த இடத்தில் படுத்திருந்தவர்கள்தான். துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதேச செயலக வாசலில் நிற்கிறார்கள். பத்திரம் இல்லாவிட்டால் வீடு இல்லை. 'எவ்வளவு காலம் இந்தக் காணியில் இருக்கிறீர்கள்?' என்று கேட்பார்கள். 'எந்தத் துரத்தலுக்குப் பிறகிருந்து எண்ணவேண்டும்?' என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு வாய் வராது.

இந்த விஷயத்தில் மரங்கள் கெட்டித்தனமாக நடந்துகொண்டன. சனம் ஓடிய காலத்தில் வளவுகளிலும் வயல்களிலும் காடு வளர்ந்தது. திரும்பி வந்தபோது வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருந்தது. முதிரையும் பாலையும் பத்துப் பதினைந்து வருடத்தில் காணி உரித்து வாங்கிவிட்டன. மூன்று தலைமுறைச் சனத்துக்கு இன்னும் பரிசீலனை.

இனி என் மனதுக்கு மிகவும் பிடித்த கட்டத்துக்கு வருகிறேன்: இரும்பு வீடு. 2015 இல் நல்லாட்சி அரசாங்கம் வந்ததும் வடக்குக் கிழக்குக்கு 65,000 வீடு என்றார்கள். சனம் சந்தோஷப்பட்டது. அப்புறம்தான் தெரிந்தது, வீடு பாகம் பாகமாகக் கப்பலில் வருகிறது என்று. கொண்டுவருவது அந்தக் காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய உருக்கு நிறுவனமாக இருந்த ஆசெலர் மிட்டல். தொழிற்சாலையில் செய்த இரும்புத் தகட்டுச் சுவர். வீடொன்று கிட்டத்தட்ட 21 இலட்சம் ரூபா. இந்தியத் திட்டத்தில் ஐந்தரை இலட்சத்துக்குச் சனம் தானே கல்வீடு கட்டியிருந்தது. பத்து இலட்சம் தந்தால் நல்ல கல்வீடு கட்டலாம், ஊர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலை கிடைக்கும் என்று பொறியியலாளர்களும் ஆய்வாளர்களும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு இரும்பு வீட்டின் காசில் இரண்டு கல்வீடு. மீள்குடியேற்ற அமைச்சுக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லை. அல்லது நன்றாக விளங்கியிருந்தது. யாழ்ப்பாணம் ஊரெழுவில் இரண்டு மாதிரி வீடு கட்டிக் காட்டினார்கள். போய்ப் பார்த்த சனம் சுவரைத் தட்டிப் பார்த்தது. தகரத்தில் இருந்து தப்பத்தான் வீடு கேட்டோம், நீங்கள் தகரத்துக்குத் தளபாடம் போட்டுத் தருகிறீர்களா என்று கேட்டது. உப்புக் காற்றில் துருப் பிடிக்குமே, வெக்கைக்கு என்ன செய்வது, பிறகு ஒரு அறை கூட்டிக் கட்ட ஏலுமா, அடுப்புக்குப் புகைபோக்கி எங்கே என்று பெண்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஒருவருக்கும் வேண்டாத வீட்டை அரசாங்கம் வருடக்கணக்காகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. எம் அரசியல்வாதிகள் சிலர் எதிர்த்தார்கள். வேறு சிலர் 'கிடைப்பதை எடுக்காமல்' என்று முணுமுணுத்தார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த வருடங்களில் எத்தனை கல்வீடு வந்தது என்று கேட்காதீர்கள். கொள்கை விவாதம் நடந்துகொண்டிருந்தது.

2018 சித்திரையில் சீனக் கம்பனிக்கு 40,000 வீடு. அந்த வருடம் ஒக்டோபரில் அது இரத்து. இந்தியக் கம்பனிக்கு 28,000 வீடு. ஒப்பந்தம் சமுத்திரத்தைக் கடந்து அங்கும் இங்கும் போய்வந்த நேரத்தில் நெடுங்கேணி வீதிக்காரர் ஒருவரிடமும் உமக்கு எது வேண்டும் என்று கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு வல்லரசு சண்டை பிடிக்கிற அளவுக்கு எங்கள் கூரை முக்கியமானது என்று பெருமைப்பட்டுக்கொண்டோம்.

இங்கே எங்கள் ஆட்களையும் விடமாட்டேன். வன்னியில் கோபுரங்கள் எழும்புகின்றன. புலம்பெயர்ந்த காசு கோடிக்கணக்கில் சுதையாகவும் வர்ணமாகவும் மேலே ஏறுகிறது. கோபுரத்துக்கு எதிரே மண் ஒழுங்கையில் தகரக் கொட்டில். கோபுரத்தில் இருக்கிற பொம்மைகளுக்கு மழை படாமல் மேலே சீற் போட்டுப் பாதுகாக்கிற ஊரும் உண்டு. வீடு கட்டிக் கொடுக்கிற நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சிலரிடம் ஒரு பழக்கம்: மலசலகூடத்துக்குக்கூடக் கல்வெட்டு. அமரர் இன்னார் நினைவாக, லண்டன், ரொறன்ரோ என்று. பிள்ளை காலையில் அந்தக் கதவைத் திறக்கும்போது அமரரை வணங்கித்தான் உள்ளே போகவேண்டும்.

அது சிரிப்பு. இனிச் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை, கௌரவ அமைச்சர் அவர்களே.

2018, 2019 ஆம் ஆண்டுகளில் தேசிய வீடமைப்பு அதிகார சபை மாதிரிக் கிராமம் மாதிரிக் கிராமமாக அறிவித்தது. அமைச்சர் சஜித் பிரேமதாச. முன்னால் ஜனாதிபதித் தேர்தல். அடிக்கல் கணக்கில்லாமல் விழுந்தது. குடும்பத்துக்கு ஐந்து இலட்சம், ஏழரை இலட்சம், கட்டம் கட்டமாகத் தரப்படும் என்றார்கள். அத்திவாரம் போட்டால் முதல் கட்டம், சுவர் எழும்பினால் அடுத்தது. வேலை முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்க்கவேண்டும், அதனால் காசு வருமுன் வேலை நடக்கவேண்டும், அதனால் கடன். நகை அடைவுக்குப் போனது. நுண்கடன் கம்பனிக்காரன் கிழமைக்குக் கிழமை படலைக்கு வந்தான். புது வீட்டுக்கு இடம் வேண்டும் என்று பலர் இருந்த கொட்டிலையும் பிடுங்கினார்கள். கிடந்த தகரத்தைக் கொண்டு பக்கத்தில் ஒரு பத்தி இறக்கி, நான்கு மாதம்தானே என்று பிள்ளைகளோடு அதற்குள் போனார்கள். 2019 கார்த்திகையில் தேர்தல் முடிந்தது. காசு நின்றது.

யாரும் வந்து நிறுத்தியதாகச் சொல்லவில்லை. நின்றது. முந்திய ஆட்சியின் திட்டம் என்றார்கள். அத்திவாரத்தில் புல் முளைத்தது, சுவர் கம்பி துருப்பிடித்தது. யன்னல் வைக்க விட்ட ஓட்டையால் பிள்ளைகள் ஏறிக் குதித்து விளையாடிப் பழகிவிட்டார்கள். வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிற சின்னப் பிள்ளைகளும் உண்டு. பிறகு கொரோனா, பிறகு பொருளாதார நெருக்கடி. 2019 இல் ஆயிரம் ரூபாவைச் சுற்றி நின்ற ஒரு பை சீமெந்து 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டது. தராமல் விட்ட காசு அப்படியே நின்றது, விலை மட்டும் ஓடியது. கடன்காரனும் நிற்கவில்லை. ஒரு குடும்பம் ஒரு அரசாங்கத்தை நம்பியதற்காக இருந்த கொட்டிலையும் இழந்து, கடனையும் சுமந்து, பத்திக்குள் ஒடுங்கி ஆறேழு வருடம் இருக்கிறது. களவெடுத்தவனுக்குச் சிறையில் இதைவிட நல்ல கூரை கொடுக்கிறீர்கள்.

காசை நிறுத்திய ஆட்சி சும்மா இருந்ததா? இல்லை. உங்களுக்கு வீடு, நாட்டுக்கு எதிர்காலம் என்று தன்னுடைய திட்டத்தைக் கொண்டுவந்தது: ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு ஒரு வீடு. நாட்டில் 14,022 பிரிவு, 14,022 வீடு. கணக்கு எவ்வளவு அழகு. ஒருவரும் வீடிழக்காத கொழும்புப் பிரிவுக்கும் ஒன்று, ஊர் முழுக்கத் தரைமட்டமான முள்ளிவாய்க்கால் பிரிவுக்கும் ஒன்று. ஊரில் ஒருவரைத் தெரிவு செய்து மற்ற எல்லோரையும் அவருக்குப் பகையாக்க ஆறு இலட்சம் ரூபா போதும் என்பதை அந்தத் திட்டம் நிரூபித்தது.

நீங்கள் வெளிநாட்டு உதாரணம் சொல்லக்கூடும். லண்டனிலும் வீடில்லாத குடும்பங்கள் இருக்கின்றனவே என்று. உண்மை. 2024 இன் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தில் 1,60,000 க்கு மேற்பட்ட பிள்ளைகள் தற்காலிக இருப்பிடங்களில் இருந்தார்கள். விடுதியில் ஒரே அறைக்குள் தாயும் மூன்று பிள்ளைகளும், குளியலறை அந்நியரோடு பங்கு. எங்கள் சனத்திலும் அப்படி இருப்பவர்கள் உண்டு. வெட்கக்கேடுதான். ஆனால் 2004 சித்திரையிலிருந்து அங்கே ஒரு விதி இருக்கிறது: பிள்ளைகள் உள்ள குடும்பத்தை அப்படியான விடுதி அறையில் ஆறு கிழமைக்கு மேல் வைத்திருந்தால் அது சட்டவிரோதம். மாநகர சபைகள் மீறுகின்றன. மீறினால் மீறியதாக எழுதப்படுகிறது, பத்திரிகையில் வருகிறது, வழக்குப் போடலாம். இங்கே பிள்ளை ஒன்றைத் தறப்பாளுக்குக் கீழே எத்தனை கிழமை வைத்திருக்கலாம் என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது? பதினைந்து வருடம் வைத்திருந்தாலும் நீங்கள் ஒரு சட்டத்தையும் மீறவில்லை. அதனால்தான் உங்களால் மாலையைப் போட்டுக்கொண்டு இவ்வளவு சாவகாசமாகச் சிரிக்க முடிகிறது.

எனக்குத் தெரிந்து, இந்த நாட்டில் தறப்பாள் கொட்டகை ஒன்று சொன்னபடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது பிலக்குடியிருப்பில்தான். 2017 தை மாதக் கடைசியில் அந்தச் சனம், தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு, விமானப்படை முகாம் வாசலில் தறப்பாளைக் கட்டிக்கொண்டு குந்தியது. பெண்கள், கிழவிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரவில் பனியில் தெருவில் படுத்தார்கள். பிள்ளைகள் அங்கேயே இருந்து படித்தார்கள். ஒரு மாதம். மார்ச் 1 ஆம் திகதி காணியை விட்டார்கள். 180 நாளில் ஓர் அரசாங்கம் செய்யாததை இந்தச் சனம் முப்பது நாளில் செய்தது. அன்றைக்கே கேப்பாபிலவுச் சனமும் படைத் தலைமையக வாசலில் குந்தியது. அவர்கள் வருடக்கணக்காகக் குந்தவேண்டியிருந்தது.

ஆகவே இந்தமுறை உங்களுக்கு அடிக்கல் வேலை இல்லை. ஏற்கெனவே நாட்டிய கற்கள் போதும். சிலவற்றில் இருக்கிற பெயரை இப்போது அவருடைய கட்சிக்காரரே சொல்வதில்லை. பாதியில் நிற்கிற வீடுகளின் பட்டியல் வீடமைப்பு அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது: பெயர், இலக்கம், எத்தனையாம் கட்டத்தில் நின்றது, எவ்வளவு நிலுவை. அந்த நிலுவையைக் கொடுங்கள். 2019 விலையில் இல்லை, இன்றைய சீமெந்து விலையில், இன்றைய கம்பி விலையில், மேசனின் இன்றைய நாள் கூலியில். உங்கள் திட்டத்தை நம்பி அவர்கள் வாங்கிய கடனுக்கு வட்டியும் உங்கள் கணக்கில். காணிப் பத்திரத்துக்குக் காத்திருக்கிறவர்களுக்குப் பத்திரம். முகாமுக்குள் இருக்கும் வளவுகளுக்கு வாசல் திறப்பு. இவற்றில் ஒன்றுக்கும் நீங்கள் புளியங்குளம் வரத் தேவையில்லை, ஐயா. பத்தரமுல்லையில் இருந்துகொண்டே கையெழுத்துப் போடலாம்.